வெறுமனே அமுக்கிய படம்

ஃபிலிம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், ஒரு சனிக்கிழமை ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டுக்கு வந்து தன் கடையைப் பார்க்கச் சொல்வாள் கிரெட்டா. கையில் செல்போனும் தோளில் பழைய கேமராவுமாக இருபது வயதுக்காரர்கள் வாசல் வரை நிற்பார்கள். சுருளைக் கழுவி, ஸ்கேன் செய்து, படங்களை மெயிலில் அனுப்பிவிட்டால் அவர்களுக்குப் போதும். நெகட்டிவை வாங்க மட்டும் ஒரு ஜீவன் எட்டிப் பார்க்காது. இளநீரைக் குடித்துவிட்டுத் தேங்காயை விட்டுப் போகிற கூட்டம்.

ஆறு மாதத்துக்குள் வாங்காத நெகட்டிவ் குப்பைக்குப் போகும் என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருந்தாள். அதை அவளே மதித்ததில்லை. போன வெள்ளிக்கிழமைதான் நெகட்டிவ் உறைகள் அடைத்த அலமாரி சரிந்து காலில் விழுந்தது. வந்த கோபத்தில் நானூறு உறைகளையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்சந்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள்.

திங்கட்கிழமை மதியம் பிரையனி வந்தாள். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற பெண், பழைய வாடிக்கை.

"கிரெட்டா, ஃபிப்ரவரியில ஒரு சுருள் குடுத்தேன்ல, புரூனித் தீவுல எடுத்தது. அந்தப் படத்தையெல்லாம் திரும்ப அனுப்ப முடியுமா? என் போன் தண்ணிக்குள்ள போயிடுச்சு."

"மெயில்ல இருக்குமே?"

"நீங்க அனுப்புன லிங்க் ஒரு மாசந்தான் வேலை செஞ்சுது."

"கம்ப்யூட்டர்ல நாங்களும் மூணு மாசத்துக்கு மேல வெக்கறதில்ல. நெகட்டிவை எடுத்துட்டுப் போன்னு எத்தனை தடவை கத்துனேன்? காதுல பஞ்சா வெச்சிருந்தே?"

"கத்துனீங்க, நான்தான் கேக்கல." பிரையனி கல்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன மாசம் அம்மா தவறிட்டாங்க. கடைசியா அவங்களை எடுத்தது அந்தச் சுருள்லதான்."

கிரெட்டா பின்சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மனசு வரவில்லை.

"வெள்ளிக்கிழமை தூக்கிப் போட்டுட்டேன்மா. குப்பை வண்டி நாளைக்குக் காலையிலதான் வரும். வா, தேடுவோம்."

தொட்டி பக்கத்து மீன் வறுவல் கடைக்கும் பொது. உறைகளுக்கு மேல் மூன்று நாள் மீன் தோல் கிடந்தது. கிரெட்டா உள்ளே இறங்கி எடுத்துக் கொடுக்க, பிரையனி வெளியே நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தாள்.

மீன் கடைக்காரன் கொலின் கதவில் சாய்ந்தான். "பசிக்குதுன்னு கேட்டா நான் குடுக்க மாட்டேனா, கிரெட்டா?"

"வாயை மூடிக்கிட்டு ஒரு வாளி வெந்நீர் கொண்டா."

"அம்மாவுக்குக் கேமரான்னாலே ஆகாது," என்றாள் பிரையனி. "தூக்குனா போதும், கையால மூஞ்சியை மறைச்சுக்குவாங்க. அந்தச் சுருள் முழுக்கக் கைதான். அந்தக் கையாவது எனக்கு வேணும்."

இருநூறைத் தாண்டியபிறகு கிடைத்தது. உறைதான் எண்ணெயில் ஊறியிருந்தது, உள்ளே பிளாஸ்டிக் தாளில் ஃபிலிம் பத்திரமாக இருந்தது. கிரெட்டா அதைக் கடைக்குள் கொண்டுபோய், அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பலகையில் பரப்பினாள். பிரையனி சொன்னது சரிதான், எல்லாவற்றிலும் கை. சுருளின் தலைப்பக்கத் துண்டுக்கு வந்ததும் கிரெட்டா நின்றாள்.

புதுச் சுருள் போட்டதும் எங்கேயாவது பார்த்து இரண்டு தடவை கேமரா பொத்தானை வெறுமனே அமுக்கிச் சுருளை நகர்த்துவது எல்லோரும் செய்வதுதான். வெளிச்சம் பட்டுப் பாதி எரிந்துபோன அந்தப் படத்தை ஸ்கேன் மெஷின் கழிவென்று தள்ளிவிடும். கிரெட்டாவும் தள்ளிவிடுவாள். இன்று அதை மட்டும் தனியாக ஸ்கேன் செய்தாள்.

இடது பாதி வெறும் செம்மஞ்சள். வலது பாதியில் ஒரு சமையலறை மேஜை. சுருளோடு மல்லுக்கட்டும் மகளைப் பார்த்து ஏதோ கிண்டல் பண்ணிச் சிரிக்கிறாள் அம்மா. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு. முகத்தை மறைக்க ஒரு கைகூட இல்லை.

"இதை நான் எடுக்கவே இல்லையே," என்றாள் பிரையனி.

"எடுத்திருக்கே. எடுத்தது உனக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல."

பிரையனி தேம்பி அழுதாள். கிரெட்டாவுக்கும் அழுகை வந்தது. மீன் நாற்றக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் அப்படியே நின்றாள்.

"மெயில் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க." பிரையனி நெகட்டிவ் தாளைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டாள். "இது என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் போனபின் கிரெட்டா சந்துக்கு வந்தாள். இன்னும் கிட்டத்தட்ட இருநூறு உறைகள் உள்ளே கிடந்தன. எத்தனை சுருளின் தலைப் படத்தைத் தள்ளிவிட்டிருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு கொலினிடம் இன்னொரு வாளி வெந்நீர் கேட்டுவிட்டு, மறுபடி தொட்டிக்குள் இறங்கினாள்.