வசவுக்கு வந்த விசாரணை

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி அலுவலகத்துக்கு வருகிற தலைவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு புதுப் படிவத்தோடுதான் வருவார்கள். பத்தொன்பது வருஷமாக இந்தத் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் மெல்பர்னிலிருந்து வந்த பிரான்வின் கொண்டுவந்தது ‘புண்படுத்தும் பேச்சு’ படிவம். காதில் வசவு விழுந்தால் அன்றைக்கே நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனுஷர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் தப்பிப்பது கஷ்டம்.

முதல் படிவத்தை அவரே நிரப்பினார். கேன்டீன் வரிசையில் நின்றபோது அவர் காதில் விழுந்தது இது:

“டேய் வுனிசே! தட்டு நிறைய மரவள்ளிக் கிழங்கா? பாவம், உங்க ஊர்ல மீனு ஏது? நீங்க கடலுக்குப் போனா மீனுங்கல்ல உங்கள புடிக்கும்!”

சொன்னவள் அலுமிதா. மூன்றாம் வருஷம் படிக்கிறவள். புது மாணவர்களுக்குத் துணையாக இருக்க நாங்களே தேர்ந்தெடுத்த பெண். வாங்கிக் கட்டிக்கொண்டவன் எரோனி, தூரத்துத் தீவிலிருந்து வந்த முதலாம் வருஷப் பையன். அவன் வந்து மூன்று வாரம் கழித்து இந்த இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தது நான்தான்.

“அவங்க தௌவு, மேடம்,” என்றேன். “அவ ஊரு நைசாவு, இவன் ஊரு வுனிசே. ரெண்டு ஊருக்கும் ஆதி தெய்வம் ஒண்ணு. பார்த்தா திட்டிக்கணும். திட்டலைன்னாதான் தப்பு.”

“பண்பாட்டைச் சாக்கா சொல்லக் கூடாது, பிரமிளா.”

“அவனும்தானே அவளைத் திட்டினான்?”

“அதுக்குத் தனியா இன்னொரு படிவம் எழுதியிருக்கேன்.”

அலுமிதா அந்தச் சனிக்கிழமை நியூசிலாந்துக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பருவம் அங்கே படிக்க எங்களிடமிருந்து ஒரே ஒருவருக்குத்தான் இடம். இரண்டு தடவை கிடைக்காமல் போய், மூன்றாவது தடவை வாங்கினாள். பெயரில் புகார் இருந்தால் அனுப்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தீரவில்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை விசாரணை. பிரான்வினும் எரோனியும் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். விசாரிப்பவர் கணிதத்துறை டாக்டர் இலைசா. அந்த மனிதர் சிரித்துப் பார்த்தவர் எங்கள் வளாகத்தில் யாரும் இல்லை. குறிப்பெடுக்க நான். கதவுக்கு வெளியே அலுமிதாவைப் பிடித்து நிறுத்தினேன்.

“உள்ள போய் வாயைத் திறக்காத. ‘ஆமா சார், இல்ல சார்.’ அவ்ளோதான். புரியுதா?”

“சரி அக்கா. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

எங்கள் ஊரில் எந்தக் காரியமும் ஊர் கேட்காமல் தொடங்காது. டாக்டர் இலைசாவும் கேட்டார்.

“எந்த ஊரும்மா?”

“நைசாவு, சார்.”

அவர் பேனா நின்றது. அலுமிதாவின் கண் சுருங்கியது.

“சார் எந்த ஊரு?” என்றாள், ரொம்பப் பணிவாக.

“வுனிசே.”

கடவுளே, இந்த ஒரு தடவை அவள் நாக்கைக் கட்டிப்போடு என்று வேண்டிக்கொண்டேன். அலுமிதா உதட்டைக் கடித்தாள். கூரையைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். ஏழு வரை தாக்குப்பிடித்தாள்.

“அதானே பார்த்தேன். கதவைத் தொறந்ததுமே கருவாட்டு நாத்தம்.”

பிரான்வின் முகம் வெளுத்துப் போயிற்று. நான் எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் டாக்டரைப் பார்த்தேன்.

“எழுதுங்க, பிரமிளா,” என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

போச்சு, நியூசிலாந்து போச்சு என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

“கூடவே இதையும் எழுதுங்க. நைசாவுக்காரங்களுக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதுக்கு மேல இருக்கிற இடம் காலி.”

“காலியா இருந்தா காத்தாவது வரும் சார். உங்க வழுக்கையில எதுவுமே நிக்காதே!”

“டாக்டர் இலைசா!” என்று எழுந்தேவிட்டார் பிரான்வின். “நீங்களுமா?”

“உட்காருங்க. இவ திட்டாம இருந்திருந்தா, நான் செஞ்ச தப்பு என்னன்னு ராத்திரி பூரா யோசிச்சிருப்பேன்.”

பிரான்வின் உட்காரவில்லை. எரோனியைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். “நீ உண்மையைச் சொல்லு. யாருக்கும் பயப்பட வேண்டாம். இந்தப் பொண்ணு பேசினது உன்னைப் புண்படுத்துச்சா?”

பையன் எழுந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“இங்க வந்து மூணு வாரம் எல்லாரும் எங்கிட்ட ரொம்ப நல்லா பேசினாங்க, மேடம். ‘நலமா? உதவி வேணுமா?’ன்னு தினம் யாராவது கேப்பாங்க. எனக்கு அழுகையா வரும். பெட்டி கட்டிட்டேன். கப்பலுக்குப் போக பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், இவ வந்தா. ‘என்னடா, ஓடுறியா? வுனிசேக்காரனுக்கு ஓட மட்டும்தானே தெரியும்’னா. வந்த கோவத்துல திரும்பி வந்து பெட்டியைப் பிரிச்சுட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அன்னைக்குத்தான் மேடம் இங்க எனக்கு யாரோ இருக்காங்கன்னு தோணுச்சு.”

பிரான்வின் இரண்டு படிவத்தையும் எடுத்தார், நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

“புகார் கொடுத்தவங்க வாபஸ் வாங்கிட்டாங்கன்னு எழுதுங்க,” என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலை வளாக வாசலில் விமான நிலையத்துக்குப் போகிற பஸ் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. அலுமிதா கழுத்தில் மூன்று சலுசலு மாலை. எரோனி அவள் பெட்டியைத் தூக்கி வைத்தான், கீழே இறங்கினான், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான்.

“பத்திரமா போயிட்டு வாங்க, அக்கா. நல்லா படிங்க.”

அலுமிதா விக்கித்துப் போனாள். விசாரணையில் கலங்காத பெண்ணின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“வாங்கவா? போங்கவா? என்னடா பேசுற? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

பிரான்வின் என் முழங்கையைப் பிடித்தார். “பிரமிளா, ஏன் இவ்வளவு மரியாதையா பேசுறான்? ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா? நாம தலையிடணுமா?”

“சும்மா இருங்க மேடம்,” என்றேன். தலைவரை அப்படி நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

பஸ் நகர்ந்தது. எரோனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படியே நின்றான். அலுமிதா ஜன்னலில் பாதி உடம்பை நீட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பையன் செருப்பை உதறிவிட்டுப் பஸ்ஸின் பின்னால் ஓடினான்.

“ஏய் நைசாவு! அந்தக் குளிருல மூஞ்சியை வெளிய காட்டாத! அங்க இருக்கிற ஆடெல்லாம் ஊரை விட்டே ஓடிரும்!”

தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவள் சிரிப்பு கேட்டது.