நீலமாகத் தெரிந்த வயல்

வயலிலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போகிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. பினாங்குத் தீவின் சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில், ஏர்கான் குளிரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். பயிர் நன்றாகத் தண்ணீர் குடித்து ஆவிவிட்டால் வயல் குளிர்ந்திருக்கும், படத்தில் நீலம். காய்ந்து சூடேறினால் சிவப்பு. வித்தை இவ்வளவுதான். இதற்கே நான் கொடுத்துக்கொள்ளும் பில்டப் இருக்கிறதே, சொல்லி மாளாது.

என் அக்கா மர்ஜானா கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் நெல் போட்டிருந்தாள். கதிர் வெளிவரும் நேரம். அப்போது தண்ணீர் குறைந்தால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். மச்சான் மக்காவுக்கு உம்ரா போயிருந்ததால் எல்லாம் அவள் தலையில். பம்பு போடவா வேண்டாமா என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அத்தனை பேர் முன்னிலையில், என்னைக் கேட்டுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பினாங்கு வானத்தில் மேகத்துக்கா பஞ்சம்? மேகம் மூடிய இடத்தை மென்பொருள் வெள்ளையாக விட்டுவிடும். அன்றைய படத்தில் அக்கா வயல் முழுக்க வெள்ளை. ஓட்டை விழுந்த படத்தைப் போட்டால் மாமா மகன் ஹக்கீம் ஒருவனே போதும், நோன்புப் பெருநாள் வரை என்னை ஓட்டித் தள்ளிவிடுவான். மேகத்தை மறைக்கும் வடிகட்டியை அணைத்தேன். வயல் பளிச்சென்று நீலமானது. தண்ணீர் தாராளமாக இருக்கிறது, பம்பு வேண்டாம் என்று எழுதிப் படத்தையும் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஹக்கீம்கூட ஒன்று போட்டான்.

மேகத்தின் உச்சி குளிராக இருக்கும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நான் பார்த்த நீலம் அந்த மேகம்தான், வயல் இல்லை. அடுத்த வாரம் வானம் தெளிந்த படம் வந்தபோதுதான் இந்த மேதாவிக்கு அது உறைத்தது. வயல் ஒரே சிவப்பு. அக்காவை அழைத்து உடனே பம்பைப் போடச் சொன்னேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அந்த வயலை நேரில் பார்க்க நான் போனது அதுவே முதல் தடவை.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வெடித்த மண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டுப் பக்கம் மட்டும் கதிர்கள் வெளுத்து விறைத்து நின்றன. வடிகட்டி, மேகம், ஹக்கீம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா முழுக்கக் கேட்டாள்.

"வெள்ளையா இருந்தா என்னா அர்த்தம் ஹைருலு?"

"தெரியலன்னு அர்த்தம்க்கா."

"அதப் போட்டிருந்தா நான் வரப்புல நடந்து போயி பாத்திருப்பேன்லா. நீ சொல்லிட்டேன்னுதான் இந்தப் பக்கமே வரல. படத்துல எனக்கு என்னா தெரியும் தம்பி? உன்னத்தான் நம்புனேன்."

திட்டியிருந்தால் தேவலை. வெளுத்த கதிர் ஒன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை.

வரப்பில் நின்றபடியே அந்த வெள்ளைப் படத்தைக் குழுவில் போட்டேன். அன்றைக்கு எனக்கு எதுவுமே தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னேன், மேட்டுப் பக்கக் கதிர் போனது என்னால்தான் என்று எழுதினேன். ஹக்கீம் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. எழுதட்டும்.