முழங்காலுக்கு மேல் தண்ணீர்

கிருஷ்ணராஜ் ஒரு தீர்மானம் போட்டால் கடலும் கைகட்டி நிற்கும் என்பது கிருஷ்ணராஜின் அபிப்பிராயம். தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவின் சுற்றுலாக் குழுத் தலைவர் அவர். போன வருசம் அறுகம்பேக் கடற்கரையில் வைத்து அவர் போட்ட தீர்மானம்: பெண்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

அதன்படி துஷாந்தினி முழங்கால் நனைய நின்று, கரையிலிருந்த பதினான்கு சோடிச் செருப்புகளையும் தலைவரின் கறுப்புக் கண்ணாடியையும் காவல் காத்தாள். கண்ணெதிரே ஒரு வெள்ளைக்காரி இடுப்புயரப் பலகையொன்றில் குப்புறப் படுத்து, அலையோடு கரைவரை சறுக்கி வந்தாள். எழுந்தாள். திரும்பப் போனாள். நாள் முழுக்க அதே வேலை.

மழை நாளில் கொழுந்து மூட்டையோடு மலையில் வழுக்காமல் இறங்குகிறவளுக்கு, வேண்டுமென்றே வழுக்குவதா கஷ்டம்? வீடு வந்து சேரும்போதே துஷாந்தினி முடிவெடுத்து விட்டாள். அடுத்த முறை ஒரு அலையாவது தன்னைக் கரைக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

இந்த வருசக் கூட்டத்தில் கேட்டே விட்டாள்.

"தலைவரே, பலகை இருந்தா எறங்கலாமா?"

பக்கத்து நகரமான லுணுகலையில் அப்படிப்பட்ட பலகை விற்கும் கடை கிடையாது என்பது தெரிந்ததால் தலைவர் தாராளமானார். "தாராளமா எறங்கலாம். பலகை இல்லாம யாரும் முழங்காலத் தாண்டக் கூடாது, யாரா இருந்தாலும். பலகைய மொதல்ல குழு பாக்கணும். எழுதிக்கங்க செயலாளர்."

செயலாளர் ராசம்மா, துஷாந்தினியோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள், எழுதிக் கொண்டாள்.

மறுநாள் துஷாந்தினி லுணுகலையில் மீன் விற்கும் ஸனூஸ் நானாவிடம் போய் நின்றாள். ஐஸ் போட்டு மீன் வரும் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகள் கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன.

"மூடி மட்டும் குடுங்க நானா. பெருசா நாலு."

"எதுக்கு தங்கச்சி?"

"கடல்ல மெதக்க."

நானா சிரித்தார். "பொத்துவில் கடக்கரைலருந்து மீனச் சொமந்து மலை ஏறின சாமான். இப்ப ஒங்களச் சொமந்து எறங்கப் போகுதா? எடுங்க, எடுங்க. நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல."

முதல் இரண்டு மூடிகளைச் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் சப்பாத்துப் பசையால் ஒட்டினாள். சூடான தேத்தண்ணியில் போட்ட சீனி போல ரெஜிபோம் கரைந்து குழி விழுந்தது. சரி, அது வேண்டாம். மிச்ச இரண்டையும் தச்சன்மார் பாவிக்கும் வெள்ளை மரப்பசையால் ஒட்டி, மேலே இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி இரண்டு நாள் விட்டாள். எழுந்து நின்று தொப்புள் உயரத்துக்கு அளவெடுத்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அறுத்து, முனையை வளைத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தாள். தேயிலைச் செடியை மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைப் பலகைமேல் கிடத்திப் பார்த்தாள். ஒரு நூல் பிசகில்லை. அடிப்பக்கத்துக்கு, போன தேர்தலில் கும்பிட்டபடி நின்ற ஒருவரின் பிளாஸ்டிக் அட்டை. வென்ற பிறகு வழுக்கிக் கொண்டே போனவர், தண்ணீரிலும் நன்றாக வழுக்குவார். கையில் கட்டிக் கொள்ளப் பழைய கூடைக் கயிறு. மேலே போர்த்தித் தைக்க வேண்டிய தடித்த பொலித்தீன் மட்டும் பாக்கி.

அந்த நிலையில்தான் குழு பார்வையிட வந்தது. தலைவர் வெறுங்கையோடு வரவில்லை. அவருடைய படமும், 'தலைவர் கிருஷ்ணராஜ் அவர்களின் வழிகாட்டலில்' என்ற எழுத்தும் பொறித்த அட்டை ஒரு கையில். லயத்து வீடுகளின் தண்ணீர்க் குழாயிலும் கழிவறைக் கதவிலும் ஏற்கெனவே ஒட்டியதில் மிச்சம். மற்றக் கையில் சப்பாத்துப் பசை.

"தலைவரே, அந்தப் பசை வேணாம். போமைத் தின்னுரும்."

"பசையப் பத்தி எனக்கா சொல்ற? அட்டை பொலித்தீனுக்குள்ள இருந்தாத்தான் உப்புத் தண்ணி படாது. காலத்துக்கும் நிக்கும்."

பலகையின் நடுவில் தாராளமாகப் பூசி, அட்டையை அழுத்தி, எழுந்து நின்று பேசத் தொடங்கினார். "இந்தப் பலகை எங்க பிரிவோட பல வருசக் கனவு..."

கனவு பற்றிய மூன்றாவது வசனத்தில் அட்டை இறங்கத் தொடங்கியது. முதலில் தாடை, பிறகு மீசை. "வருங்காலச் சந்ததி" என்று அவர் சொன்னபோது முழு முகமும் குழிக்குள் போயிருந்தது.

"பாருங்க, தரமில்லாத சாமான்!" என்றார் தலைவர் உடனே. "இதுக்கு அனுமதி தர ஏலாது."

ராசம்மா பேனாவைத் திறந்தாள்.

"குறிப்புல எப்பிடி எழுதுறது தலைவரே? தலைவர் பேர ஒட்டுனதும் பலகை ஓட்டையாச்சு, அப்பிடியா? இல்ல, பலகை பாத்தாச்சு, அனுமதி குடுத்தாச்சு, அப்பிடியா?"

தலைவர் யோசித்தார். அவருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. இரண்டாவதுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

துஷாந்தினி குழியைச் சதுரமாக வெட்டியெடுத்து, மிச்சத் துண்டொன்றை மரப்பசை வைத்து அடைத்து, பொலித்தீனைக் கோணி ஊசியால் சுற்றிவரத் தைத்து முடித்தாள்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று அறுகம்பேயில், மீன் நாற்றம் மாறாத அந்தப் பலகையோடு அவள் முழங்காலைத் தாண்டினாள். இடுப்பையும் தாண்டினாள். முதல் அலை அவளைப் புரட்டி மண்ணைத் தின்னக் கொடுத்தது. இரண்டாவது அலை அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போனது.

"அலை வந்தப்புறம் ஏறாத புள்ள! வாறதுக்கு முன்னாலயே கால அடி!" என்று கரையிலிருந்து ராசம்மா கத்தினாள், தானே நாலு அலை சறுக்கியவள் போல.

மூன்றாவதுக்கு முன்கூட்டியே கால்களை அடித்தாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ தூக்கியது. அவ்வளவுதான். மலையில் ஒருநாளும் தனக்கே அனுமதிக்காத வேகத்தில் வழுக்கினாள். வாய் தானாகக் கூவியது. கரையில் நின்றவர்களும் கூவினார்கள்.

தலைவர் அதைப் பார்த்தார். படம் எடுக்கும் கைபேசிகளையும் பார்த்தார். காற்சட்டையைச் சுருட்டாமலே, "நம்ம பலகை! நம்ம பலகை!" என்று தண்ணீருக்குள் ஓடி வந்து, படத்துக்கு நடுவே வாகாக நின்றார். பின்னால் வந்த அடுத்த அலை அவர் இடுப்புவரை ஏறியது. கறுப்புக் கண்ணாடி அதோடு போனது.

துஷாந்தினி பலகையில் படுத்தபடியே அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"தலைவரே, பலகை இல்லாம முழங்காலுக்கு மேல வரக் கூடாது. யாரா இருந்தாலும்."

"எழுதி வச்சிருக்கேன்!" என்றாள் ராசம்மா கரையிலிருந்து.

தலைவர் மெல்லப் பின்வாங்கி, செருப்புகள் இருந்த இடத்துக்குப் போனார். துஷாந்தினி கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக் கொண்டு மறுபடியும் கடலைப் பார்த்து நடந்தாள்.