ஒரு வரி கீழே

மருத்துவர்களின் கிறுக்கலைப் படித்தே வயிறு வளர்த்தவள் அவள். மருந்துக்கடையில் கால் நூற்றாண்டாக நின்ற அனுபவத்தில், கோழி கிளறியது போன்ற சீட்டைக்கூடக் கையில் வாங்குவதற்கு முன்பே வாசித்துவிடுவாள். அதனால்தான் நூலகத்து அறிவிப்புப் பலகையில், பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றத் தன்னார்வலர்கள் தேவை என்று கண்டதும் துணிந்து பெயர் கொடுத்தாள்.

அவளுடைய அம்மா இறந்து அப்போது ஆறேழு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம்தான் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிடும் பொழுது. இப்போது அந்தப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல், துடைத்த மேஜையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து படிக்கிறது எல்லாம் எனக்கு ஒரு வேலையா?" என்று தம்பி மனைவியிடம் பெருமையடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

முதல் பக்கமே மூக்கை உடைத்தது. நூறு வருஷத்துக்கு முந்திய அந்தக் குமாஸ்தா ஒற்றெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் அவர் கையில் வித்தியாசமே கிடையாது. இறப்புப் பதிவில் நோய் என்ற கட்டத்தில் 'கரசம' என்று இருந்தது. அப்படி ஒரு வியாதியைத் தன் கடையில் அவள் கேள்விப்பட்டதே இல்லை. திரையோடு அவள் மல்லுக்கட்டுவதைப் பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது காசங்க," என்றார் மெதுவாக. "காசநோய். புள்ளியையும் காலையும் நாமதான் போட்டுக்கணும்."

"புள்ளிக்குத் தனியாக் கூலி கேட்டாரோ என்னவோ!" என்றாள் அவள் எரிச்சலாக. அவர் சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். மனைவியை இழந்து பல வருஷம். பிள்ளைகள் இல்லை. நூலக மாடியில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். இரண்டே வாரத்தில் அவளும் எல்லோருக்கும் மருந்தக்கா ஆகிவிட்டாள். அவர் மட்டும், தன்னைவிட எட்டு வயது சின்னவளை அக்கா என்று கூப்பிட வாய் வராமல், "இந்தாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்வார்கள். இரண்டையும் நூலகர் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே வேறுபடுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொடுப்பார். அப்புறம் அந்த இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும். அவளுக்கும் கண்ணாடிக்காரருக்கும் ஒரே பக்கங்கள் போய்ச் சேர்ந்ததால், சனிக்கிழமை தவறாமல் அந்தப் பஞ்சாயத்து நடந்தது.

சண்டை எப்போதும் ஒரே மாதிரிதான். அவர் கண்ணில் பட்டதை எழுதுவார், அவள் மனசில் பட்டதை எழுதுவாள். மணப்பெண்ணின் வயது தொண்ணூற்றொன்று என்று குமாஸ்தா தலைகீழாக எழுதியிருந்தால், இவள் பத்தொன்பது என்று திருத்திவிடுவாள்.

ஒரு தடவை, பிறந்த அன்றே இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் பதிவு வந்தது. பெயருக்கான இடத்தில் 'பெயர் இல்லை' என்று இருந்தது. அவளுக்கு அந்த இரண்டு வார்த்தையைத் தட்டக் கை வரவில்லை. 'பாப்பா' என்று தட்டிவிட்டாள்.

"பாப்பான்னு இங்க இல்லையே," என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியும். இருந்தாலும் பெத்தவ மனசுக்குள்ள ஏதாவது ஒண்ணு சொல்லிக் கூப்பிட்டிருப்பா இல்ல?"

"கூப்பிட்டிருப்பாங்க. அது அவங்களோடது. நாம அதுல கை வைக்க வேணாம்." திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "ஒரே ஒரு நாள் இருந்த குழந்தைக்காக அந்த அப்பன் ஆபீஸ் வரைக்கும் நடந்து வந்து சொல்லியிருக்கான் பாருங்க. அது இங்க இருக்கு. அது போதும்."

அவள் 'பாப்பா'வை அழித்துவிட்டு, இருந்ததை இருந்தபடியே தட்டினாள். தட்டி முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவர் எழுந்து போய் இரண்டு கோப்பை தேநீர் வாங்கிவந்து, ஒன்றை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சனிக்கிழமைக்காக வியாழக்கிழமையிலிருந்தே அவள் காத்திருக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மழைக்காலம் முடிகிற சமயம் நூலகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் அச்சடித்த பக்கங்கள் இருந்தன.

"அக்கா, கண்ணாடிக்காரருக்கு என்ன ஆச்சு? இங்க பாருங்க. தச்சரோட குழந்தைக்கு மீனவரை அப்பாவாக்கி வெச்சிருக்கார். மீனவரோட குழந்தைக்கு அடுத்த வரியில இருக்கிற வண்டிக்காரரை. பக்கம் முழுக்க ஒரு வரி கீழே இறங்கியிருக்கு. போன மாசமும் இப்படித்தான். நான் அவரைப் புத்தகம் அடுக்குற வேலைக்கு மாத்திடலாம்னு பார்க்கிறேன்."

"அவசரப்படாதீங்கம்மா. நான் பேசிப் பார்க்கிறேன்," என்றாள்.

அவளுக்கும் சந்தேகம் இருந்தது. இப்போதெல்லாம் அவர் திரையைத் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒளிந்து பார்ப்பவர் போலப் பார்த்தார். நேர் எதிரே வைத்த கோப்பையைத் தடவி எடுத்தார். ஆனால் பேச்சை எடுக்கத்தான் அவளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை. நாலு பேர் இருக்கும்போதே, "சார், கண்ணைக் கொஞ்சம் காட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நானே கண்ணாடிக்காரன். என் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் குரல் உயர்ந்து அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. கணினியை அணைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் காணோம். அவருடைய பக்கங்களை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்த ஆளுக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடே வரவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

மூன்றாவது வாரம் அவளால் பொறுக்க முடியவில்லை. மருந்துக்கடையில் சாப்பாட்டு வேளைக்கு விட்டதும் நேராகக் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

கடை திறந்துதான் இருந்தது. சுவர் நிறையக் கண்ணாடிச் சட்டங்கள், நடுநடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடைய கோபமான முகமே தெரிந்தது. வில்லை தேய்க்கும் இயந்திரத்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. அதன் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க?" என்றார். அவள் நின்றிருந்தது நாலடி தூரத்தில்.

அந்த ஒரு கேள்வியில் அவள் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான்தான். எத்தனை நாளா இப்படி?"

 யாரோ வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்வதுபோல அவர் சொன்னார். வலது கண்ணில் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. யாரைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் திட்டுதான். இடது கண்ணிலும் இப்போது நேர்க்கோடெல்லாம் நெளிய ஆரம்பித்திருக்கிறது.

"பதிவேட்டுல கோடு வளைஞ்சு வளைஞ்சு போச்சு. ஒரு வரியில ஆரம்பிச்சு இன்னொரு வரியில போய் இறங்கியிருப்பேன் போல."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்."

"நல்லா இருக்கே கதை! வர்றவங்களையெல்லாம் கண்ணைக் காட்டு, கண்ணைக் காட்டுன்னு விரட்டுறது. தனக்குன்னு வந்தா மூலையில உக்காந்துக்கிறதா? நாளைக்குக் காலையில நான் லீவு போடுறேன். ரெடியா இருங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..."

"சிரமம்தான். வாங்க."

கண் ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்கள். சொட்டு மருந்து விட்டதில் அவருக்கு எல்லாம் மங்கலாகிவிட, சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் அவள் அவருக்காக வாசித்துக்கொண்டிருந்தாள். செருப்பை வெளியே விடவும், சத்தம் போடாதீர்கள், நாலாம் அறை பூட்டியுள்ளது. வாசிக்க வேறெதுவும் இல்லாமல் போனதும் மறுபடியும் செருப்பிலிருந்து தொடங்கினாள். அவர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்தத் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள்.

மருத்துவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணுக்கு மாதாமாதம் ஊசி போட்டால் இருக்கிற பார்வையை இழுத்துப் பிடித்து வைக்கலாம். எவ்வளவு காலத்துக்கு என்று உறுதி சொல்ல முடியாது. இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம். கண்ணுக்குள் ஊசி என்றதும் அவர் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்ததை அவள் கவனித்தாள். தன் கையை அதன்மேல் வைத்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

நூலகரிடம் அவளே போய்ப் பேசினாள். "நான் வாசிக்கிறேன், அவர் தட்டட்டும். அவருக்கு விசைப்பலகையைப் பார்க்கவே வேண்டாம். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளா வெச்சுக்கோங்க. ஒப்பிட்டுப் பார்க்க வேற ஒருத்தரைப் போடுங்க."

நூலகர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளாவே வெச்சுக்கறேன் அக்கா," என்றார்.

அப்படித்தான் அவர் திரும்பி வந்தார். வாசிப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. அவளாக ஏதாவது சேர்த்தால் அவர் விரல்கள் நின்றுவிடும். "எழுதியிருக்கா, நீங்களா சொல்றீங்களா?" என்பார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி பார்ப்பாள். தெரியாத எழுத்தைத் தெரியவில்லை என்று சொல்லப் பழகினாள். யார் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், யார் எதனால் போனார்கள் என்று அவள் குரல் சீராகப் போய்க்கொண்டிருக்க, அவர் விரல்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.

ஒரு நாள் திருமணப் பதிவு. "மணமகன், கயிறு திரிப்பவர், மனைவியை இழந்தவர், வயது ஐம்பத்தாறு," என்று வாசித்தாள். "மணமகள், மணமாகாதவர்..."

தானும் மணமாகாதவள், அடுத்திருந்த எண்ணும் தன் வயதே என்பதால் அவள் சற்றுத் தயங்கினாள். "வயது நாற்பத்தொன்பது."

விரல்கள் நின்றன. "எழுதியிருக்கா, நீங்களா சொல்றீங்களா?"

"எழுதியிருக்கு. வேணும்னா நூலகரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"வேணாம். நம்புறேன்." அவர் அந்த வரியைத் தட்டி முடித்தார். அறையில் மற்றவர்கள் தேநீருக்கு எழுந்து போயிருந்தார்கள். திரையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு ஒண்ணு கேக்கணும். கேக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இந்தக் கண்ணும் ஒரு நாள் போயிடலாம். அது தெரிஞ்சும் உங்ககிட்ட கேக்கிறது நியாயமான்னு ஒரு வாரமா யோசிச்சேன். நியாயம் இல்லைன்னுதான் தோணுது. ஆனா கேக்காம இருக்க முடியல."

அவள் காதுமடல் சுட்டது. "நான் வீட்ல பேசணும்," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் பேசுவதற்கு முன் அவள் தன்னோடு பேச வேண்டியிருந்தது. பதினோரு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். அம்மாமேல் உயிர்தான். ஆனால் மாத்திரை டப்பாவும் ஈரத்துணியுமாகக் கழிந்த அந்தக் காலத்துக்கு மறுபடியும் போவதற்கு அவள் பயந்தாள். அதைச் சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவியிடம் எப்படியோ சொல்லிவிட்டாள்.

தம்பி மனைவி கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டா? அவரைப் பாத்துக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்னு நினைச்சா உங்களுக்கு மூச்சு முட்டுதா, இல்ல அவரையே நினைச்சா மூச்சு முட்டுதா?"

அவள் யோசித்தாள். "அவரை நினைச்சா முட்டல," என்றாள். "சனிக்கிழமை வரலைன்னாதான் முட்டுது."

"அப்புறம் என்ன?"

தம்பிதான் முறுக்கிக்கொண்டு நின்றான். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு அக்கா? இங்க உனக்கு என்ன குறை? நான் உன்னை வெச்சுக் காப்பாத்த முடியாம அனுப்பிட்டேன்னுதானே நாலு பேர் பேசுவாங்க?" என்றான். குரல் கோபமாகத் தொடங்கி வேறெங்கோ போய் முடிந்தது. அவளைவிட ஏழு வயது சின்னவன். அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவள்தான் அவனை இடுப்பிலேயே வைத்துச் சுமந்திருக்கிறாள்.

"ஒரு குறையும் இல்லடா," என்று அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். "குறை இருந்தாத்தான் போகணுமா?"

அவன் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றான். மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போய், கண் பரிசோதனை என்ற பெயரில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தான். "சார் நல்ல மனுஷன்தான்," என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நல்லாச் சமைப்பாராம்."

சனிக்கிழமை அவள் தன் பதிலைச் சொன்னாள். "உங்க கண்ணுக்குக் காவலா வரல. அதுக்குன்னா நர்ஸ் வெச்சுக்கோங்க. உங்ககூட இருக்கத்தான் வர்றேன். சரியா?"

"சரி," என்றார் அவர்.  கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நூலகர் ஒரு சாட்சி, தம்பி ஒரு சாட்சி. நூலக மாடிக் கூட்டம் முழுக்க வந்து வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றது. கையெழுத்துப் போடும்போது தம்பிக்குப் பேனா எழுதவில்லை. பேனா நன்றாகத்தான் இருந்தது, அவன்தான் மூடியைக் கழற்றவில்லை.

சாயங்காலம் அவளுடைய சாமான்களைக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கடைக்கு மேலேதான் அவர் வீடு. துணிமணியும் பெட்டியும் எளிதாக ஏறிவிட்டன. இரும்பு அலமாரிதான் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. கீழே தம்பி, மேலே கண்ணாடிக்காரர். நடுவில் நின்று இரண்டு பேருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி.

"சார், நீங்க விடுங்க, கண்ணு..." என்று ஆரம்பித்த தம்பி சட்டென்று நிறுத்தினான். அலமாரியைத் தோளில் தாங்கியபடி ஒரு நொடி மூச்சு வாங்கினான்.

"அத்தான்," என்றான். "உங்க பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. நான் தள்ளுறேன்."

"பிடிச்சாச்சு மாப்ளே, தள்ளு," என்று மேலிருந்து குரல் வந்தது.

அலமாரி அசைந்தது. அவள் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.