மாமனாருக்கு மார்க் குறைவு

கொழுந்தனுக்கு வீட்டில் தராசு என்று பெயர். வைத்தவள் அவன் அண்ணிதான். எதையும் இரண்டாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவனால் ஒரு முடிவுக்கு வர முடியாது. துணி காயப்போடும் கிளிப்பைக்கூட இரண்டு கடையில் வாங்கிக் கொடியில் மாட்டி, காற்றுக்கு எது நிற்கிறது என்று ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவான். பெண் பார்க்கிற விஷயத்தில் மட்டும் ஒரே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுச் சரி என்றான். அந்தப் பெண் அவனை வேறு ஒருவனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாள். இதைச் சொல்லி வீடே சிரிக்கும். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். கோபம் வராது, அந்த மட்டும் தங்கமான பிள்ளை.

சம்பளத்துக்கு அவன் பார்க்கிற வேலை, தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு வருவது. மனசார அவன் பார்க்கிற வேலை ஃபோன். தெரிந்தவர் யாராவது இவனைக் கேட்காமல் ஃபோன் வாங்கிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். கேட்டாலோ போச்சு. சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், கேமரா எப்படி, வேகம் எப்படி, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று நான்கையும் பிட்டுப் பிட்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, கேட்டவர் ஃபோனே வேண்டாம் சாமி என்று கும்பிடும்வரை விடமாட்டான்.

அண்ணி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். அவளுக்கு ஃபோன் என்றால் பேசுவதற்கு ஒன்று, புண்ணைப் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்புவதற்கு ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பழைய ஃபோன் ஒருநாள் ஒரு வீட்டுச் சமையலறையில், ஆற வைத்திருந்த உப்புத் தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்து கண்ணை மூடிக்கொண்டது.

"ஏதோ ஒண்ணு வாங்கிட்டு வாம்மா. காலைல வேலைக்குப் போகணும்ல?" என்றார் அவள் கணவர். ரொட்டிக்கடையில் அடுப்பைப் பார்ப்பவர். வெந்ததா வேகவில்லையா என்பதைத் தவிர உலகத்தில் வேறு கேள்வி இல்லை என்று நினைப்பவர்.

"ஏதோ ஒண்ணா?" தராசு துள்ளி எழுந்தான். "அண்ணி, அவசரப்படாதீங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அடுத்த நாள் காலையில், கடை வைத்திருக்கும் நண்பனிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு ஃபோனைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். கொஞ்ச நாள் புழங்கிப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதுமாம். ஒன்று நீல நிறத்தில் பளபளவென்று, மெலிசாக, தொட்டவுடன் ஓடி வந்து கைகட்டி நின்றது. இன்னொன்று கறுப்பு. தடிமன். தட்டினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் விழித்தது. நீலத்துக்கு மாப்பிள்ளை என்றும் கறுப்புக்கு மாமனார் என்றும் அவள் கணவர் அங்கேயே பெயர் வைத்துவிட்டார்.

"ஒரே ஒரு கண்டிஷன் அண்ணி. எந்தப் படம் எடுத்தாலும் ரெண்டுலயும் எடுக்கணும். அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரம். புண்ணை மட்டும் கிட்டப் போய் எடுக்காதீங்க. கால்னா முட்டியிலேருந்து விரல் வரைக்கும் முழுசா வரணும். அப்பத்தான் தோல் கலர், பின்னாடி இருக்கற சுவரு எல்லாம் எப்படி வருதுன்னு தெரியும்."

"நான் என்ன கல்யாணத்துக்கா படம் எடுக்கப் போறேன்?"

"எனக்காக, அண்ணி."

எனக்காக என்று அவன் கேட்டால் அவளால் தட்ட முடியாது. கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பையன் அவன். அவள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன். உன் தொல்லை தாங்கலடா என்று திட்டிக்கொண்டே இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு கால்தான். பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய வலது கால். புது ஷூ கடித்துப் பாதத்தின் ஓரத்தில் ஒரு புண். சர்க்கரை வியாதியில் அந்தக் கால் ஏற்கெனவே மரத்துப் போயிருந்ததால் கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புண் குழிவிட்டிருந்தது. டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: கிருமி மேலே ஏறினால் காலை எடுக்கும்படி ஆகிவிடும். தினமும் அவ்வளவு தூரம் வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. நர்ஸ் அனுப்பும் படத்தைப் பார்த்துத்தான் மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"வலது காலு சிஸ்டர். பிரேக் பிடிக்கற காலு. இது இல்லன்னா நான் டிரைவர் இல்ல, வெறும் பயணி" என்பார் ஓட்டுநர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் மனைவி சிரிக்கமாட்டார். கதவோரத்தில் நின்று நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், கேட்கப் பயப்படும் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று.

சும்மா சொல்லக்கூடாது, மாப்பிள்ளை வெளுத்து வாங்கினான். ஓட்டுநரின் அறையில் ஒரே ஒரு விளக்கு. அதுவும் அழுமூஞ்சி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்கூட மாப்பிள்ளை எடுத்த படம் காலண்டரில் போடலாம் போல இருந்தது. எடுத்த கையோடு டாக்டரம்மாவுக்குப் போயும் விட்டது. மாமனார் எடுத்த படமோ மங்கலாக, சுவரெல்லாம் அழுக்காக, கால் ஏதோ சுட்ட கிழங்கு மாதிரி. அனுப்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். சார்ஜ் விஷயத்தில்தான் கதை மாறியது. மதியச் சாப்பாட்டுக்குள் மாப்பிள்ளைக்கு மயக்கம் வந்துவிடும். மாமனார் மறுநாளும் அசராமல் உட்கார்ந்திருப்பார்.

"சார்ஜ் போனா போகுது, ஏத்திக்கலாம். எனக்கு மாப்பிள்ளையே போதும்" என்று அவள் முடிவு சொன்னாள்.

"சோதனை இன்னும் முடியல அண்ணி" என்றான் தராசு.

ஆகவே சோதனை தொடர்ந்தது. ஓட்டுநருக்கே இது வேடிக்கையாகிவிட்டது. நர்ஸ் கட்டைப் பிரித்ததும், "முதல்ல மாப்பிள்ளையக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று காலை நீட்டுவார். டாக்டரம்மாவுக்கு மாப்பிள்ளையின் படங்கள்தான் போயின. பதிலும் நல்லதாகவே வந்தது. புண் சுருங்குகிறது, சுற்றிலும் தோல் சுத்தமாக இருக்கிறது, இதே மருந்து போதும். அவள் அதைப் படித்துக் காட்டும்போது ஓட்டுநரின் மனைவி கதவோரத்திலிருந்து ஓரடி உள்ளே வந்து நிற்பார்.

ஒருநாள் கையுறையோடு கெண்டைக்காலைப் பிடித்தபோது கொஞ்சம் சூடாக இருக்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. குனிந்து பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. மாப்பிள்ளை எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைக் குழந்தையின் கால் மாதிரி இருந்தது. டாக்டரம்மாவும் நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தார். போர்வைக்குள் இருந்த கால், சூடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை தராசு சாப்பாட்டு மேசையில் இரண்டு ஃபோனையும் ஜோடியாகப் படுக்க வைத்து, கேமராவுக்கு மார்க் போட உட்கார்ந்தான். அதில் ஒரு சங்கடம். புண்ணைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டும். இரத்தம் என்று எழுதிக் காட்டினாலே நெற்றி வியர்த்துவிடும். அதனால் ஒவ்வொரு ஃபோனிலும் புண் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான்.

"சுவரு, மாப்பிள்ளைக்கு ஒரு மார்க். போர்வை, மாப்பிள்ளைக்கு. நகம், அதுவும் மாப்பிள்ளைதான். பாவம் அண்ணி உங்க மாமனாரு." மாமனாரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு உச்சுக் கொட்டினான். "தோல் கலர்ல மாமனார் மொத்தமா அவுட். இல்லாத கோட்டையெல்லாம் போடறாரு. ரெண்டு மார்க் குறைச்சுக்கறேன்."

"என்ன கோடு?" அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பாதத்துக்கு மேலேருந்து சிவப்பா ஒரு கோடு இழுத்திருக்கு. லென்ஸ்ல ஏதோ கோளாறு. நேத்துப் படத்துல கணுக்கால்கிட்ட இருந்துச்சு, இன்னிக்கு பாதிக் காலுக்கு ஏறிடுச்சு. நாளாக ஆகக் கெட்டுப் போற கேமராவ நான் இப்பத்தான் பாக்கறேன்."

கையிலிருந்த கரண்டியை அவள் எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வந்து மாமனாரைப் பிடுங்கிப் பார்த்தாள். மங்கலான, அழுக்கான, சுட்ட கிழங்கு மாதிரிப் படம். அதில் புண்ணின் ஓரத்திலிருந்து கிளம்பி, கணுக்காலைத் தாண்டி, கெண்டைக்காலின் உள்பக்கமாக மேலே போய்க்கொண்டிருந்தது சிவப்புக் கோடு. முந்தின நாள் படத்தைப் பார்த்தாள். அதற்கு முந்தின நாள் படத்தையும் பார்த்தாள். மாப்பிள்ளையிடம் இதில் ஒன்றுகூட இல்லை. தோலைக் கண்டால் மாசு மறுவைத் துடைத்து மினுக்கிக் காட்டுகிற வேலையை அது யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. முகத்துக்குச் செய்கிற உபசாரத்தை ஓட்டுநரின் காலுக்கும் செய்திருந்தது.

"தம்பி, இது லென்ஸ் கோளாறு இல்ல. கிருமி ஏறுது."

தராசின் முகம் வெளுத்தது. கட்டைவிரல் மட்டும் இன்னும் மாப்பிள்ளையின் மேல் அப்படியே இருந்தது.

மாமனாரின் படங்களை அவள் அனுப்பினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அந்தச் சக்கரத்தைப் பார்த்து, "போயிடு, ராசா போயிடு" என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். போனது. டாக்டரம்மா உடனே கூப்பிட்டார். ஒரே வாக்கியம்தான். "காலைல இல்ல, இப்பவே கூட்டிட்டு வாங்க."

ஓட்டுநர் வீட்டுக்கு அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டவன் தராசுதான். அங்கிருந்து அவரைத் தூக்கி வாடகைக் காரில் ஏற்றியபோது, நோயாளியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததும் அவனுக்குத்தான். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தக் காலைப் பூப்போலப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த சில நாட்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கீறிச் சுத்தம் செய்தார்கள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை; அதை எடுத்துவிட்டார்கள். கோடு ஏறுவது நின்றது, பிறகு இறங்கியது. டாக்டரம்மா அவளைத் தனியாக அழைத்து, நல்ல நேரத்தில் கொண்டுவந்தாய் என்றார். முந்தைய படங்களைப் பார்த்துத் தானும்தான் ஏமாந்ததாகச் சொன்னார். அவளுக்கு அதற்குமேல் நின்று கேட்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீர அழுதாள். அவ்வளவு நன்றியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமல் வந்த அழுகை அது.

எதற்கென்று நன்றி சொல்வது? புண்ணைப் பார்க்கப் பயந்தவனுடைய பயத்துக்கா? முட்டியிலிருந்து விரல் வரை முழுசாக எடு என்று உயிரை வாங்கினானே, அந்த நச்சரிப்புக்கா? உள்ளதை உள்ளபடி காட்டி, அதற்காக மார்க்கையும் இழந்த மாமனாருக்கா? அவள் மட்டும் புண்ணைக் கிட்டப் போய் எடுத்திருந்தால் எந்த ஃபோனிலும் கோடு விழுந்திருக்காது. வீட்டு மனுஷர்களிடம் நன்றி என்று சொல்கிற பழக்கம் வேறு அவளுக்குக் கிடையாது. அது மேடையில் மாலை போடும்போது சொல்கிற வார்த்தை.

மினுக்குகிற வேலையை அணைத்துவிட்டால் மாப்பிள்ளையும் நல்ல ஃபோன்தான் என்று தராசு நியாயமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தான். அவள் மாமனாரை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்த பிறகு, அந்தத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். ஆஸ்பத்திரி வாசனைக்கே கலங்குகிறவனை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலருகில் போய் அவன் தலையைக் குனிந்து நின்றான்.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைங்க. கேமரா சரியில்லன்னு மார்க்தான் குறைச்சேன்" என்றான்.

"குறைச்சதாலதான் தம்பி சிஸ்டர் காதுல விழுந்துச்சு."

டாக்டரம்மா வந்தார். பாதத்தில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், யாராவது உள்ளங்கையைக் கொடுங்கள் என்றார். நர்ஸ் கையை நீட்டப் போனாள். ஓட்டுநர் தராசைக் காட்டினார்.

அவன் கட்டில் முனையில் மண்டியிட்டுக் கையை நீட்டினான். கட்டுப் போட்ட பாதம் அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கனமில்லாமல், சும்மா.

"அழுத்துங்க" என்றார் டாக்டரம்மா.

ஓட்டுநர் பல்லைக் கடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கதவோரத்தில் அவர் மனைவி தூணாக நின்றார். இன்னொரு தடவை அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. தராசின் கை பின்னுக்கு நகர்ந்தது, கொஞ்சம்; பிறகு முழங்கை மடங்க, இன்னும் கொஞ்சம்.

"பிரேக் பிடிக்குதுங்க" என்றான் தராசு. அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி, பிரேக் பிடிக்குது!"

ஓட்டுநரின் மனைவி அன்றுதான் முதல் தடவையாகக் கதவோரத்தை விட்டுக் கட்டில் வரைக்கும் வந்தார். நர்ஸ் கொழுந்தனின் தலையில் கையை வைத்தாள்.

"நல்லாயிருடா" என்றாள். "நீ நல்லாயிரு."