சைலன்சர் குழலும் வேதாசலத்தின் வீடும்

ஏசுபாதத்துக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ராஜ்தூத் பைக்கையே தூக்கி ஏரியில் போட்டிருப்பான். போட்டுவிட்டு சேலையூரிலிருந்து குன்றத்தூர் லேத் கம்பெனிக்கு எதில் போவதாம்? ஆறு மணி ஷிப்டுக்கு எந்த பஸ்காரன் இவனுக்காக வண்டி எடுக்கிறான்?

நடந்தது இதுதான். வண்டி இழுக்காமல் திணறியது. சைலன்சருக்குள் சத்தத்தை அடக்க உடம்பெல்லாம் ஓட்டை போட்ட குழல் ஒன்று இருக்கும்; அதில் கரி அடைத்தால் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, வீட்டுக்காரர் வேதாசலத்தின் வெந்நீர் அடுப்பில் யாருக்கும் சொல்லாமல் செருகிவிட்டு, கரி எரியட்டும் என்று மனைவி கன்னியம்மாவோடு சர்ச்சுக்குப் போனான். திரும்பி வந்தால் குழலைக் காணோம். சாம்பலைக் கிளறினான், குப்பையைக் கிளறினான், ஊஹூம். வாய் விட்டுக் கேட்கவும் பயம். எங்கள் அடுப்பில் உனக்கென்ன வேலை என்று அதற்கு வேறு திட்டு விழும்.

குழல் இல்லாத வண்டியின் சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! திங்கட்கிழமை விடியலில் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் உதைத்தான். அப்படியும் வேதாசலத்தின் மகள் ரமாவின் இருபது நாள் குழந்தை வீறிட்டுவிட்டது. சாயங்காலம் மனுஷன் வாசலிலேயே நின்றார்.

"இன்னாய்யா இது, வண்டியா வெடியா? பச்சப்புள்ள கீற வூடு. இன்னொரு வாட்டி சத்தம் கேட்டுச்சு, வூட்ட காலி பண்ணிகினு போய்க்கினே இரு!"

ஸ்பேர் கடை பாட்சாவோ, "குழல் தனியா வராதுண்ணா. முழு சைலன்சருதான், பத்து நாளாவும்" என்று கையை விரித்துவிட்டார்.

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசத்துல இது மூணாவது வூடு. இனிமே எந்தத் தெருவுல போய் டு லெட் போர்டு தேடறது? நல்லா கீறத யாரு புடுங்கச் சொன்னது உன்ன?"

"நல்லாவா இருந்துச்சு?" என்று கத்தினான்.

மறுநாள் லீவு போட்டான். காலில் விழுந்தாவது பத்து நாள் டைம் கேட்கலாம் என்று கொல்லைப்புறம் போனான். வேதாசலம் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அங்காளம்மாள் பேரப்பிள்ளைக்கு வெந்நீர் போட அடுப்பின் முன் குந்தி, கண்ணில் நீர் வழிய ஊது ஊதென்று ஊதிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் கரி.

"சீ, இன்னா ஊதுகுழலோ! அடுப்புல கெடந்துச்சேன்னு எடுத்தேன். ஊதினா காத்து எல்லா ஓட்டையிலயும் போவுது, நெருப்புக்கு மட்டும் போவ மாட்டேங்குது!"

ஏசுபாதத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஐயோ அக்கா, அது என் வண்டி சைலன்சர் குழலுக்கா!"

வேதாசலம் குழலைப் பார்த்தார், மனைவியின் வாயைப் பார்த்தார். வாய் கொப்பளித்தார்.

பத்தே நிமிஷத்தில் குழலைச் செருகி, ஸ்க்ரூவை முடுக்கி, ஏசுபாதம் வண்டியை உதைத்தான். டப்டப்பென்று அடக்கமாக ஓடியது. உள்ளே குழந்தை அசையக்கூட இல்லை.

"அப்ப வூடு, சார்?" என்றான்.

வேதாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள அவளுக்கு நல்ல ஊதுகுழலா ஒண்ணு வாங்கியாந்து குடு. இல்லாங்காட்டி காலி பண்ணிடு."