குங்குமத்துக்கு ஆப்ஷன் இல்லை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. ஒரு கைப்பேசி கம்பெனி கொடுத்தது. நன்றி சொல்லித் தொடங்குவதுதான் மரியாதை. தண்ணீர் புகாது, தூசி புகாது என்று சொல்லி விற்ற கைப்பேசி அது. வாங்கியவரும் புக முடியாது என்பதை மட்டும், தன்னடக்கம் காரணமாக, சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

முதல் தொடக்கம்: 'பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மாலை வெயில் பொன்னாக உருகி—' (வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கிற அந்தச் சாலையில் வெயிலும் சிமெண்ட் நிறம்தான்.)

இரண்டாவது: 'பரந்தாமன் இறந்து—' (இதையும் முடிக்க மாட்டேன். கார்த்திகை மாதம், மாரடைப்பு. அவ்வளவுதான் தருவேன்.)

மூன்றாவது: பரந்தாமன் என் கணவர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். டாங்கியைக் கழற்றி மாட்டிய கைகளுக்கு, உள்ளங்கை அளவு கைப்பேசியில் ஒரே ஒரு திருகாணி அகப்படவில்லை.

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

2

வாங்கி வந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சுசீ, ஒரு ஸ்க்ரூ கூட காணோம். இத எப்படித் தொறக்கறது?"

"புதுசுதானேங்க? எதுக்குத் தொறக்கணும்?"

"தொறக்க முடியலன்னா அது நம்ம பொருளு இல்ல. வாடகைக்கு வந்து கீது."

(எழுத்தாளர் மெருகேற்றிய வசனம் என்று நினைப்பீர்கள். இல்லை, இப்படித்தான் பேசுவார். பேசிவிட்டு மிக்ஸியைக் கழற்றி மாட்டுவார். தரையில் ஒரு வாஷர் மிச்சமிருக்கும். "அது தேவயே இல்ல, கம்பெனிக்காரன் சும்மா போட்டிருக்கான்" என்பார்.)

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், சைக்கிள், கேஸ் அடுப்பு, மிக்ஸி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கைப்பேசியின் முறை வந்தபோது ஊக்கு முனையால் குத்தி சிம் தட்டை வெளியே எடுத்தார்.

"இவன் நம்மள தொறக்க விட்டது இது ஒண்ணுதான். பொட்டு இங்கதான்."

குங்குமத்தைத் தொட்டு, அந்தத் துளைக்கு உள்ளேயே ஒரு பொட்டு வைத்தார். பிறகு தட்டை மூடி, கற்பூரம் காட்டினார். இந்தக் கதை முழுவதும் அந்தப் பொட்டின் மேல்தான் நிற்கிறது. எனவே இந்தப் பத்தியை ஒருமுறை திரும்பப் படித்தாலும் நல்லது.

3

நான் எழுதுகிறவள். சிறுபத்திரிகைகளில், எப்போதாவது. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவேன். கடைசியாகப் படித்துக் காட்டியது பாதிக் கதை: நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ரயில் வருகிறது, ஏறவில்லை. அடுத்தது வருகிறது, அதிலும் ஏறவில்லை. ஏன் என்று அவளைப் படைத்த எனக்கே தெரியவில்லை. கதை அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"சொல்லுங்க."

"இப்ப சொன்னா மூஞ்ச தூக்கி வெச்சிக்குவ. போன்ல பேசி வெக்கறேன். நான் டூட்டிக்குப் போனதும் கேளு."

தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. பகலெல்லாம் அது வீட்டில்தான் கிடக்கும். சொன்னபடியே மறுநாள் அதில் பேசிப் பதிந்து வைத்துவிட்டு டூட்டிக்குப் போனார். நானே ஒரு முடிவை எழுதிவிட்டு, அதன் பிறகு அவருடையதைக் கேட்டு ஒப்பிடலாம் என்றிருந்தேன். அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து பீரோவைத் திறந்தபோது கைப்பேசி முதுகு உப்பிக் கிடந்தது. சார்ஜரில் போட்டால் உயிர் வரவில்லை. மகள் மதிவதனி பெங்களூரிலிருந்து கேட்டாள்: "அப்பா எதையும் க்ளவுட்ல போட்டு வெக்கலயாம்மா?"

வானம் லேசாக இருட்டினாலே மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொல்லும் மனிதர். மேகத்தை நம்பி எதையும் விட்டுவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஆக, என் கதையின் முடிவு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவர் குரலில், கோந்து போட்டு ஒட்டி.

4

முகப்பேரில் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். டோக்கன் கொடுத்தார்கள், ஏசி போட்டிருந்தார்கள், கைப்பேசிகள் சிரிக்கும் படங்களை மாட்டியிருந்தார்கள். பழுது பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாம் அங்கே நடந்தது. கவுண்டரில் தீபிகா என்று பேட்ஜ் குத்திய பெண். டார்ச் அடித்து சிம் துளைக்குள் பார்த்தாள்.

"மேடம், செவப்பு ஆயிடுச்சு. உள்ள தண்ணி போயிருக்கு."

துளைக்குள் ஒரு சிறிய வெள்ளை ஸ்டிக்கர் இருக்குமாம். ஈரம் பட்டால் சிவக்குமாம். சிவந்தால் வாரண்டி கிடையாதாம்.

"அது குங்குமம்மா."

"சாரி?"

"ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் வச்ச பொட்டு."

அவள் கீபோர்டில் எதையோ தேடினாள். உண்மையாகவே தேடினாள்.

"சிஸ்டத்துல தண்ணி இருக்கு, கீழ விழுந்தது இருக்கு, தீ இருக்கு. குங்குமத்துக்கு ஆப்ஷன் இல்ல மேடம்."

"பேட்டரியை மட்டும் மாத்த முடியாதா?"

"இந்த மாடலை நாங்களும் தொறக்க மாட்டோம். வாரண்டி இருந்தா புதுசு குடுத்துட்டு இத எடுத்துக்குவோம்."

"உள்ள இருக்கறது?"

"அழிச்சிடுவாங்க. உங்க ப்ரைவசிக்காகத்தான் மேடம்."

"யார்கிட்டேயிருந்து?"

தீபிகா என் நெற்றியைப் பார்த்தாள். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த டோக்கனை அழைத்தாள்.

(என் நெற்றியில் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் கூடி நின்று அழித்தார்கள். வெந்நீர் வேண்டாம், விசேஷக் கருவி வேண்டாம், ஒரு கட்டைவிரல் போதுமாக இருந்தது. அந்த விஷயத்தில் மனுஷி நல்ல மாடல். மிக்ஸியிலும் அடுப்பிலும் இருந்தது எப்போதோ துடைபட்டுப் போயிருந்தது. வீட்டில் அவர் கையால் வைத்த குங்குமம் மிச்சமிருந்தது அந்தத் துளைக்குள் மட்டும்தான்.)

5

தீபிகாவை வில்லியாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளுக்கும் இல்லாத ஆப்ஷன்கள் எத்தனையோ இருக்கும். வில்லன் வேறெங்கோ, இதைவிட நல்ல ஏசியில், கோந்தின் தடிமனைப் பற்றிக் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பான். அவனை இந்தக் கதைக்குள் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை. அவனும் திருகாணி இல்லாதவன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. துளை வெள்ளையாக இருந்திருந்தால், பளபளப்பான புதுக் கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு இதை எடுத்துப் போயிருப்பார்கள். அவர் குரலையும் சேர்த்து. அதைத் தடுத்தது பொட்டு. டாங்கி மனிதர் போகிற போக்கில் காவலுக்கு ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரியாமல்தான். (தெரிந்தே செய்தார் என்று எழுதினால் கதை இனிக்கும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது.)

6

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுலைமானின் கைப்பேசி ரிப்பேர் கடை. கைப்பேசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இன்னா யக்கா, புள்ளத்தாச்சி மாதிரி உப்பிகினு கீது?"

"திறக்க முடியுமாப்பா?"

"கோந்துல குளிப்பாட்டி வெச்சிருக்கான். சூடு காட்டினா எளகும். ஆனா உப்பின பேட்டரிக்குச் சூடு ஆவாது. குப்புனு புடிச்சிகிச்சுனா உள்ள இருக்கறதும் போச்சு, என் மீசையும் போச்சு."

"எவ்வளவு நம்பிக்கை?"

"ஆவும்னும் சொல்ல மாட்டேன், ஆவாதுன்னும் சொல்ல மாட்டேன். போன வாரம் ஒண்ணு பொழச்சுது, ஒண்ணு பூட்டுது. உள்ள இன்னா கீது, போட்டோவா?"

"ஒரு கதையோட முடிவு."

"கதையா? யூட்யூப்ல கெடைக்குமே யக்கா!"

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். நெமிலிச்சேரியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கதைப் பெண் செய்ததையே செய்து பார்த்தால் காரணம் பிடிபடும் என்று ஓர் இலக்கிய நம்பிக்கை. ரயில் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, ஏறவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை. கொசு கடித்ததுதான் மிச்சம்.

7

முடிவுகள், தேவையானதை எடுத்துக்கொள்ளலாம்:

அ. கைப்பேசி திறக்கிறது. பரந்தாமன் பேசுகிறார்: "சுசீ, அந்தப் பொம்பள ஏன் ஏறலன்னா—" (இதற்கு மேல் எழுத மாட்டேன். எழுதினால் அது அவர் வாயில் நான் வைத்த வசனம். அவரை நானும் ஒட்டி மூடினதாகும்.)

ஆ. தீப்பிடிக்கிறது. சுலைமானின் மீசை— (வேண்டாம். கம்பெனி இதை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளும்.)

இ. திறக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன், உள்ளே அவர் பேசாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். (கேட்க அழகாக இருக்கிறது. அழகாக மூடி வைப்பது அந்தக் கம்பெனியின் தொழில்.)

8

மறுநாள் காலை சுலைமானின் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஹீட்டரை ஓட விட்டான். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை சிம் துளையை நோக்கிக் கொண்டுபோனான்.

"அதைத் துடைக்காதேப்பா."

"எத?"

"உள்ள சிவப்பா இருக்கே, அதை."

குனிந்து பார்த்தான். "அட, பூஜைப் பொட்டா? பக்கத்து வெல்டிங் கடை அண்ணாத்தே வருசா வருசம் என் ஹீட்டருக்கே வெச்சிட்டுப் போவாரு, இங்க பாரு." ஹீட்டரின் மூலையில் சூட்டில் கறுத்த ஒரு பொட்டு இருந்தது. பஞ்சைத் தூரப் போட்டான்.

கண்ணாடி சூடேறியது. மெல்லிய தகடு ஒன்றை எடுத்து விளிம்பில் வைத்தவன், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"சொல்லு யக்கா. தொறக்கவா, வேணாவா?"

கம்பெனி என்னைக் கேட்டு மூடவில்லை. உறவுக்காரர்கள் என்னைக் கேட்டு அழிக்கவில்லை. கார்த்திகை மாதமும் என்னைக் கேட்டு வரவில்லை. இத்தனை நாளில் என் பொருளைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்டது இதுதான் முதல்முறை.

"தொற" என்றேன்.

தகடு உள்ளே இறங்கியது. கோந்து நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

அதன் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்வதற்கில்லை. எங்கள் ப்ரைவசிக்காகத்தான்.

ஆனால் நெமிலிச்சேரிப் பெண் இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஏன் ரயில் ஏறவில்லை என்பதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். இந்தக் கதையை எங்கும் ஒட்டவில்லை. திருகாணிகள் எல்லாம் வெளியேதான் இருக்கின்றன. கழற்றிப் பாருங்கள், எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வாஷர் மிஞ்சினாலும் பரவாயில்லை.

[                                        ]

வாரண்டி போகாது.